பறையும் டிரம் மெஷினும்: தாளத்தைப் பெற்றவர்கள் யார்?

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஆல்பம் கிழமை. 2015 ஜூலையிலிருந்து உலகின் பெரும்பாலான நாடுகளில் புதிய இசை ஆல்பங்கள் வெள்ளிக்கிழமையன்றுதான் வெளியாகின்றன. சினிமாப் பாட்டுக்கு வெளியே, பெரிய நிறுவனங்களின் போக்குக்கு ஒத்துப்போகாமல் உருவாகும் இசையை 'மாற்று இசை' என்கிறார்கள். கணினியையும் டிரம் மெஷினையும் சின்தசைசரையும் வைத்து உருவாக்குவது 'எலெக்ட்ரானிக்' இசை. இந்த இரண்டு வகையிலும் புதிதாக எது வந்தாலும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேட்டுவிடுவேன். பாடகரே இல்லாமல், வெறும் தாளத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ஒருவரை உட்கார வைக்க முடியும் என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

இந்த ருசியைப் பற்றிப் பேசினால் நம் தெருப் பிள்ளைகள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "இது வெள்ளைக்காரங்க பாட்டுதானே அண்ணே, நமக்கும் இதுக்கும் என்ன?" என்பது ஒன்று. "நம்ம பறை இருக்கும்போது இந்த மெஷின் சத்தம் எதுக்கு?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். பதில் சொல்ல வேண்டுமானால், இந்த மெஷின் இசை எந்தத் தெருவில், யார் கையில் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வெடி வைத்த இரவு

1979 ஜூலை 12. அமெரிக்காவின் சிகாகோ நகரில் கோமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். அன்று அங்கே ஒரு விசித்திரமான சலுகை: டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கையில் கொண்டுவந்தால் 98 சென்ட் கொடுத்து உள்ளே போகலாம். டாலருக்கும் குறைந்த கட்டணம். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, குவிந்த தட்டுகளை மைதானத்தில் வைத்து வெடி வைத்தார்கள். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் முன்னின்று நடத்திய நிகழ்ச்சி அது. வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் தரையில் பாய்ந்து ரகளை செய்தார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை.

டிஸ்கோ என்பது கறுப்பின மக்களும், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும், தன்பாலீர்ப்பினரும் வளர்த்தெடுத்த நடன இசை. அன்று மைதானத்தில் பார்வையாளர்களை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் வேலை பார்த்தவர்களில் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞரும் ஒருவர். சின்தசைசர் வாங்குவதற்காகக் காசு சேர்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கொண்டுவந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினப் பாடகர்களின் தட்டுகளும் இருந்ததைக் கண்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார். நிகழ்ச்சியை நடத்தியவரோ, இதில் இனவெறி ஏதும் இல்லை, பாட்டு பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றே சொல்லிவந்தார். "சத்தம் பிடிக்கவில்லை" என்று சொல்லப்படும்போது, உண்மையில் பிடிக்காதது சத்தமா, சத்தம் எழுப்புகிறவர்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இது நமக்குப் புரியாத விஷயமில்லை.

வெடி வைத்தவர்களுக்குத் தெரியாத ஒன்று அதே நகரில் நடந்துகொண்டிருந்தது. 1977-ல் திறக்கப்பட்ட 'வேர்ஹவுஸ்' என்ற நடன அரங்கில், நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் தட்டுகளைச் சுழற்றிக்கொண்டிருந்தார். பழைய தட்டுகளை வெட்டி, ஒட்டி, நீட்டி, மெஷின் தாளத்தைச் சேர்த்து ஒரு புதிய இசையை அவர் வார்த்தார். வேர்ஹவுஸில் ஒலித்த இசை என்பதால் அதன் பின்பாதியே பெயரானது: 'ஹவுஸ்'. மைதானத்தில் வேலை பார்த்த அந்த வின்ஸ் லாரன்ஸ், 1984-ல் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டைக் கொண்டுவந்தார். தட்டாக வெளியான முதல் ஹவுஸ் பாடல் என்று பலரும் குறிப்பிடுவது அதைத்தான்.

வேண்டாம் என்று ஒதுக்கிய மெஷின்

இந்த இசைக்குக் கருவி எங்கிருந்து வந்தது? அந்த இளைஞர்களிடம் பெரிய ஸ்டூடியோவுக்குக் கொடுக்கக் காசில்லை. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினையும், 1981-ல் டிபி-303 என்ற பேஸ் ஒலிப்பெட்டியையும் விற்பனைக்கு விட்டது. முதலாவது, உண்மையான டிரம்ஸ் போலவே ஒலிக்கவில்லை. இரண்டாவது, கிட்டார்க்காரர் தனியாகப் பயிற்சி செய்யும்போது பக்கவாத்தியமாக வாசிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதுவும் பேஸ் கிட்டார் போல ஒலிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே இரண்டின் தயாரிப்பும் நின்றது. பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடந்தன.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டதை சிகாகோ, டெட்ராய்ட் கறுப்பின இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். சிகாகோவில் டிஜே பியர் உள்ளிட்ட மூவர் 'ஃப்யூச்சர்' என்ற குழுவாகச் சேர்ந்து, அந்த 303 பெட்டியின் திருகுகளைப் பாட்டு ஓடும்போதே திருகிக்கொண்டே இருந்தார்கள். நெளிந்து, கீச்சிட்டு, குமிழியிடும் ஒரு சத்தம் வந்தது. பெட்டியைச் செய்தவர்களே நினைத்துப் பார்க்காத சத்தம். 1987-ல் அது 'ஆசிட் டிராக்ஸ்' என்று தட்டாக வந்தபோது 'ஆசிட் ஹவுஸ்' என்ற தனி வகையே பிறந்தது. இன்று நம் ஊர்த் திருவிழாவில் ரேடியோ செட்டுக்காரர் போடும் ரீமிக்ஸில் அடிவயிற்றைத் தூக்கும் அந்த 'தும்' சத்தத்துக்கும் 808 மெஷினுக்கும் நேரடி உறவு உண்டு.

பள்ளிக்கூடத்து மூன்று நண்பர்கள்

டெட்ராய்ட் நகரம் கார் தொழிற்சாலைகளின் ஊர். தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறினார்கள். அந்த நகரத்துக்கு வெளியே பெல்வில் என்ற சிற்றூர். வெள்ளையர் பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படித்த பள்ளியில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின மாணவர்கள் நண்பர்களானார்கள். இரவு வானொலியில் ஒலித்த எல்லாவற்றையும் கேட்டார்கள். கறுப்பினக் கலைஞர்களின் ஃபங்க் இசையைக் கேட்டார்கள். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு மெஷின்களை வைத்துச் செய்த ஆல்பங்களையும் கேட்டார்கள். முதலில் அவர்கள் ரசிகர்கள். அதன் பிறகுதான் கலைஞர்கள்.

1981-ல் அட்கின்ஸ், ரிக் டேவிஸுடன் சேர்ந்து 'சைபோட்ரான்' என்ற பெயரில் முதல் தட்டை வெளியிட்டார். 1985-ல் 'மெட்ரோபிளெக்ஸ்' என்று சொந்தமாக ஒரு வெளியீட்டு நிறுவனம் தொடங்கினார். பெரிய கம்பெனி வாசலில் காத்திருக்கவில்லை. 1987-ல் டெரிக் மே 'ஸ்டிரிங்ஸ் ஆஃப் லைஃப்' செய்தார். 1988-ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பத்தின் வழியாக 'டெக்னோ' என்ற சொல் உலகம் முழுவதும் போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஐரோப்பாவில் டெக்னோ பெரும் வணிகமானது. பெரிய திருவிழாக்கள், பெரிய பணம். மேடையில் நின்ற முகங்களில் பெரும்பாலானவை வெள்ளை முகங்கள். டெக்னோ என்றால் ஜெர்மனி என்று நினைக்கும் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. டெட்ராய்ட்டில் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' என்ற குழு இதற்கு எதிர்ப்பைக் காட்டியது. தலைமறைவு எதிர்ப்பு என்று பொருள் சொல்லலாம். முகமூடி போட்டுக்கொண்டு வந்தார்கள். முகத்தை விற்க மாட்டோம், இசையைக் கேளுங்கள் என்பதே அவர்கள் நிலைப்பாடு.

அதே நகரத்தின் 'டிரெக்ஸியா' என்ற இருவர் குழு இன்னும் ஆழத்துக்குப் போனது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றிவந்த கப்பல்களிலிருந்து கர்ப்பிணிப் பெண்கள் கடலில் வீசப்பட்ட கொடுமையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் வயிற்றிலிருந்த பிள்ளைகள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுவிடப் பழகி, கடலடியில் ஒரு நாட்டைக் கட்டினார்கள் என்று ஒரு கதையை உருவாக்கினார்கள். 1997-ல் வந்த 'தி குவெஸ்ட்' ஆல்பத்தோடு அந்தக் கதை அச்சில் வந்தது. பாட்டில் ஒரு சொல் இல்லாவிட்டாலும் வரலாற்றைப் பேச முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. கொன்று புதைத்தவர்களை நடுகல்லாக, குலசாமியாக நிறுத்திக் கும்பிடும் நமக்கு அந்தக் கதை அந்நியமாகப் படாது.

திரும்பி வரும் பெயர்கள்

இப்போது வரும் புதிய ஆல்பங்கள் எனக்கு ஏன் உற்சாகம் தருகின்றன? மறைக்கப்பட்ட பெயர்கள் அவற்றில் திரும்பி வருகின்றன. ஹைட்டி நாட்டில் பிறந்து கனடாவில் வளர்ந்த கேட்ரனாடாவின் 'பப்பா' ஆல்பம் 2019-ல் வந்தது. 2021-ல் அதற்குச் சிறந்த நடன, எலெக்ட்ரானிக் ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. கறுப்பினத்தவர் பெற்றெடுத்த இசைக்கான அந்தப் பிரிவில், விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். 2022-ல் பியான்சே 'ரினைசான்ஸ்' என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். முழுக்க ஹவுஸ், டிஸ்கோ மரபில் நின்ற ஆல்பம். 2023-ல் அதே விருதைப் பெற்றபோது, இந்த இசையைக் கண்டுபிடித்தவர்கள் என்று தன்பாலீர்ப்பினர் உள்ளிட்ட பால்புதுமையினருக்கு மேடையிலேயே நன்றி சொன்னார்.

எனக்கு மிகப் பிடித்தவர் ஜேலின். சிகாகோவுக்குப் பக்கத்தில் கேரி என்ற எஃகு ஆலை நகரத்துக்காரர். எஃகு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே இசை செய்தவர். அவருடைய 2015 ஆல்பம் 'டார்க் எனர்ஜி'. அடுத்து 2017-ல் 'பிளாக் ஓரிகாமி', 2024-ல் 'அகோமா'. இதில் குரலைவிடத் தாளமே ராஜா. ஒரே நேரத்தில் நாலைந்து தாளங்கள் ஒன்றையொன்று துரத்தும். எங்கே விழும் என்று நினைக்கிறோமோ அங்கே விழாது. பறையாட்டத்தில் அடி மாறும்போது ஆட்டக்காரரின் கால் ஒரு கணம் காற்றில் நின்று பிறகு இறங்குமே, அந்த உணர்வைத் தரும் இசை. 2023-ல் புலிட்சர் இசைப் பரிசின் இறுதிப் பட்டியலில் அவருடைய படைப்பு இடம்பெற்றது.

தென்னாப்பிரிக்காவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகரத்துக்கு வெளியே ஒதுக்கி வைத்த குடியிருப்புகளை 'டவுன்ஷிப்' என்பார்கள். நம் சொல்லில் அது சேரி, காலனி. டர்பன் நகரத்து டவுன்ஷிப்களில் பழைய கணினிகளில் 'கோம்' என்ற இசை பிறந்தது. ஜோகன்னஸ்பர்க் பகுதி டவுன்ஷிப்களில் 'அமபியானோ' பிறந்தது. வானொலி இடம் தரும் முன்பே ஷேர் டாக்ஸிகளிலும் வாட்ஸ்அப்பிலும் கைமாறிக் கைமாறிப் பரவியது. இன்று உலகம் முழுவதும் அதற்கு ஆடுகிறார்கள்.

நம் பக்கத்து வரலாறு

அமெரிக்கக் கறுப்பின மக்களோடு நமக்கு உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. அண்ணல் அம்பேத்கர் 1946-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் நிலைக்கும் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையை அதில் குறிப்பிட்டார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். 1972-ல் பம்பாயில் தலித் இளைஞர்கள் தொடங்கிய அமைப்பு, கறுஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவி 'தலித் பேந்தர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டது. அவர்கள் இலக்கியத்தையும் போராட்டத்தையும் நாம் படிக்கிறோம். அவர்கள் தாளத்தைக் கேட்பது மட்டும் எப்படி அந்நிய மோகம் ஆகும்?

பறையையும் டிரம் மெஷினையும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. டெட்ராய்ட் இளைஞர்கள் அந்த மெஷினைத் தாங்களாக எடுத்துக்கொண்டார்கள். பறையோ நம் மேல் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. சாவு வீட்டுக்கு வந்து அடி என்று கட்டாயப்படுத்தியதால், இனிப் பறையைத் தொடமாட்டோம் என்று முடிவெடுத்த ஊர்கள் உண்டு. அதே பறையை மேடையில் ஏற்றி, விடுதலையின் கருவியாக்கியவர்களும் உண்டு. இரண்டுமே சுயமரியாதையிலிருந்து வந்த முடிவுகள். மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது அந்த இரண்டாவது வழியின் நீண்ட பயணத்தில் ஒரு நிறுத்தம்.

மாற்று இசை நம்மிடமும் உண்டு. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. ஆண்களே பாடிவந்த கானாவைப் பாடிய அந்தக் குழுவின் இசைவாணி, 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2019-ல் அறிவு, 'ஆஃப்ரோ'வின் மின்னிசையோடு சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் தந்தார். 2024-ல் 'வள்ளியம்மா பேராண்டி' ஆல்பம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் பெயரையே தலைப்பில் வைத்தார்.

பெயரை வைப்பது ஏன் முக்கியம் என்பதற்கு அறிவின் அனுபவமே சாட்சி. 2021-ல் 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்க ஒலித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழ் அந்தப் பாடலின் வெற்றியையும் பேசி அட்டைப்படம் போட்டபோது, பாடலை எழுதிப் பாடிய அறிவின் படம் அட்டையில் இல்லை. பா.இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பலரும் கேட்ட பிறகு அறிவின் படத்தோடு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. கேட்காமல் இருந்திருந்தால்?

நமக்கு ஒலி என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2015 மே மாதம் மகாராஷ்டிராவின் சீரடியில் தலித் மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய செல்போனில் அம்பேத்கர் பாடல் ரிங்டோனாக ஒலித்ததிலிருந்தே தகராறு தொடங்கியதாகச் செய்திகள் சொல்லின. சில தெருக்களில் இன்றும் நம் ஊர்வலம் மேளத்தை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கிறது. எந்தச் சத்தம் எந்தத் தெருவில் கேட்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்யும் நாட்டில், விருப்பப்பட்ட இசையைத் தேடிக் கேட்பதும் ஓர் உரிமைதான்.

கேட்கவும் செய்யவும்

கல்லூரிப் பேருந்தில் காதில் ஹெட்போன் மாட்டும் தம்பி, தங்கைகளுக்குச் சில யோசனைகள். செல்போன் ஸ்பீக்கரில் இந்த இசையைக் கேட்காதீர்கள். தாளத்தின் அடிநாதம் அதில் வராது. சாதாரண இயர்போன் போதும். ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முழுதாகக் கேளுங்கள். முதல் தடவை பிடிக்காவிட்டால், இரண்டாம் தடவை ஒரே ஒரு தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். பிறகு பாட்டின் விவரப் பகுதியைத் திறந்து, எழுதியவர், தயாரித்தவர், யாருடைய பழைய பாட்டிலிருந்து துண்டு எடுத்திருக்கிறார்கள் என்று படியுங்கள். ஒரு பெயர் இன்னொரு பெயருக்குக் கொண்டுபோகும். அப்படித்தான் பியான்சேயிடமிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸிடம் போய்ச் சேர முடியும்.

கேட்பதோடு நிற்கவும் வேண்டாம். 'பேண்ட்லேப்' போன்ற செயலிகள் செல்போனிலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. மடிக்கணினி இருந்தால் 'எல்எம்எம்எஸ்' என்ற கட்டணமில்லா மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 120 அல்லது 125 அடி என்று வைத்து, நாலு எண்ணிக்கைக்கு நாலு அடி போட்டால் ஹவுஸ் இசையின் எலும்புக்கூடு தயார். அதற்கு மேல் என்ன வைப்பது என்பது உங்கள் தெருவில் இருக்கிறது: பெரியப்பாவின் பறை, அத்தையின் ஒப்பாரி, நடவுப் பாட்டு, கானா. அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பாட்டில் காசு வந்தால் அவர்களுக்கும் பங்கு கொடுங்கள்.

பதிவு செய்த ஃபைலுக்குப் 'பறை சவுண்ட் 1' என்று பெயர் வைக்காதீர்கள். அடித்தவரின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள்.